பன்னிரண்டு தகரத்தில் ஒரு ரயில்

இந்த நகரத்தில் எந்தக் கட்டடம் எழும்பினாலும் முதலில் வந்து நிற்பது என் தகரம்தான். பழசை இடித்துப் புதுசு கட்டும்போது, தெருவில் போகிறவர் தலையில் கல் விழாமல் சுற்றி நட்டு அடைப்பார்களே, அந்தத் தகரம். வாடகைக்கு விடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். தொழில் தொடங்கியபோது ஒழுங்காக எழுத வந்தது என் பெயர் ஒன்றுதான். மற்றதெல்லாம் பேப்பர் படித்துப் பிறகு பிடித்துக்கொண்டது. அந்தப் பெயரை என் கையாலேயே அச்சு வெட்டி, ஒவ்வொரு தகரத்தின் முதுகிலும் சிவப்பில் அடித்து வைத்தேன். முன்பக்கம் போடக் கட்டடக்காரர்கள் விடமாட்டார்கள். பரவாயில்லை, உள்ளே வேலை செய்கிற ஆயிரம் பேர் தினமும் என் பெயரைப் பார்த்தபடிதான் கல் தூக்கினார்கள்.

என்னைப் பற்றிச் சொல்ல இன்னும் நிறைய இருக்கிறது. இது ஒட்டுக்காரியைப் பற்றியது.

அவள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் படுக்கைவிரிப்பு தேய்க்கிறவள். வயது நாற்பது இருக்கும். பிழைக்க வந்த ஆறு வருடத்தில் ஐந்து வீடு மாறியிருக்கிறாள். அதில் மூன்றை இடித்தாயிற்று. ஒரு இடத்தில் நிற்க மாட்டாள். நின்றாலும் ஒரு கால் வாசலுக்கு வெளியே இருக்கும்.

ஒரு சாயங்காலம், பஸ் நிலையத்துக்கு எதிரில் நட்டிருந்த தகரத்தின் முன்னால் வாளியைக் கவிழ்த்துப் போட்டு, அதன் மேல் ஏறி நின்று வரைந்துகொண்டிருந்தாள். வண்டியை நிறுத்தி இறங்கினேன்.

“ஏம்மா, இது யாரு தகரம்னு தெரியுமா?”

“தெரியும்ணே. பின்னாடி இவ்ளோ பெருசா போட்டிருக்கே. உங்க பேர் மேல ஒரு பொட்டு பெயின்ட் படல, போய்ப் பாருங்க.”

போய்ப் பார்த்தேன். படவில்லை.

“துருப்பிடிச்ச இடத்தையெல்லாம் ஜன்னலாக்கிட்டேன். உங்களுக்கு லாபம்தான்.”

அது ஒரு ரயில். அவள் இங்கே வந்து இறங்கிய ரயில். பன்னிரண்டு தகரம், தகரத்துக்கு ஒரு பெட்டி, ஜன்னலில் கூட வந்த முகங்கள். பெயின்ட் அடித்தால் துரு பிடிக்காது. அதுவும் ஓசியில் வருகிறது. விட்டுவிட்டேன். வியாபாரி மூளை அப்படி.

எட்டு மாதத்தில் அங்கே வேலை முடிந்தது. லோடு ஆட்கள் கைக்குக் கிடைத்த தகரத்தை எதிரே நின்ற லாரியில் ஏற்ற, ரயில் மூன்று திசையில் போய்விட்டது. மறுநாளே கிடங்குக்கு வந்துவிட்டாள்.

“என் ரயில் எங்கண்ணே?”

“தகரத்தை முகம் பார்த்தா ஏத்துவாங்க? அழுகையெல்லாம் கேக்க எனக்கு நேரமில்லம்மா.”

“அழ எனக்கும் நேரமில்ல. எந்தெந்த சைட்டுக்குப் போச்சு, அதை மட்டும் சொல்லுங்க.”

லாரி டிரைவர் இடம் சொன்னார். லீவு நாளில் பஸ் மாறி மாறி அலைந்தாள். மூன்றாவது சைட்டில் அவளுடைய பெட்டி ஒன்று நின்றது. பக்கத்துத் தகரத்தில் யாரோ அவளுடைய தண்டவாளத்தைத் தொடர்ந்து இழுத்து, ஆற்றுக்குள் இறக்கி, பெட்டிக்கு முன்னால் ஒரு படகைப் பூட்டியிருந்தார்கள். மூன்று வாரம் போய்க் காத்திருந்து ஆளைப் பிடித்தாள். உள்ளே டைல்ஸ் ஒட்டுகிறவன், வேறு பாஷைக்காரன்.

“ரயிலை எதுக்குய்யா ஆத்துல விட்ட?”

“என் ஊரு, ரயில் இல்ல. நான் படகுல வந்தேன்” என்றானாம், அரைகுறையாக நம் பாஷையில்.

அன்று பிறந்தது அந்தப் பழக்கம். யார் வரைந்தாலும் தகரத்தின் இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் காலியாக விட வேண்டும். பக்கத்தில் அடுத்து எது வந்து நிற்கும் என்று எவருக்கும் தெரியாது. வந்து நிற்பதோடு ஒட்டுவதற்கு அந்த ஒரு சாண். ஒட்ட வேண்டுமானால் வரைந்த ஆளைத் தேடிப் பார்த்தே ஆக வேண்டும். தையல் கம்பெனிப் பெண், வாட்ச்மேன் என்று சேர்ந்து சேர்ந்து முப்பது பேர் ஆனார்கள். லோடு ஆட்கள் அவளுக்கு ஒட்டுக்காரி என்று பேர் வைத்தார்கள். வீடு மாறும், போன் நம்பர் மாறும், டீக்கடைகூட இரண்டு வருஷம் ஒரே மூலையில் இருக்காது. என் லாரி போகிற இடத்தில் அவர்கள் கூடினார்கள். அந்தக் கூட்டத்துக்கு முகவரி நான்தான்.

போன வருடம் ஒரு பெரிய கட்டடக்காரர் வந்தார். கிடங்கில் இருக்கிற அத்தனை தகரமும் வேண்டும். வெளிப்பக்கம் முழுக்க நீலம், ஒரு கோடு தெரியக்கூடாது. கிடங்குக் கணக்கைப் பார்க்கிற என் மருமகன் சரியென்று வாக்குக் கொடுத்துவிட்டார். லோடு ஆட்கள் சொல்லி, ஒட்டுக்காரி சலவைக்கூடத்துச் சட்டையோடு ஓடி வந்தாள்.

“நீலம் அடிச்சிட்டா முப்பது பேரும் எங்கண்ணே போய் ஒருத்தரையொருத்தர் தேடுறது?”

“வேற சுவத்துல வரையச் சொல்லுங்க மாமா” என்றார் மருமகன்.

“சுவத்தை ஏத்த லாரி வராது தம்பி” என்றாள் அவள்.

கிடங்கை இரண்டு சுற்று நடந்தாள். ஒரு தகரத்தைப் புரட்டி நிறுத்தினாள். சிவப்பில் என் பெயர். பெயரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“திருப்பி நட்டா...” என்றாள்.

புரிந்துவிட்டது. ரயில் உள்பக்கம். முதுகு வெளியே. நீலம் என் பெயர் மேல்.

முப்பது வருஷத்துப் பெயர். அந்த அச்சை முதல் தகரத்தில் வைத்து அடித்தது இன்றும் நினைவிருக்கிறது. நானும் கிடங்கைச் சுற்றி நடக்க ஆரம்பித்தேன். மருமகன் நாற்காலி கொண்டுவந்தார். உட்காரப் பிடிக்கவில்லை.

“உங்க பேரை வேணா நாங்களே ஒரு ஓரமா...” என்று இழுத்தாள்.

“என் பேரை எனக்கு யாரும் எழுதித் தர வேண்டாம். எல்லாத்தையும் பொரட்டிப் போட்டு நீலம் அடிங்கப்பா” என்றேன். யோசனை அவளுடையது. ஆனால் சொன்ன வாய் என்னுடையது.

தகரம் போதாமல் அந்தக் கட்டடக்காரர் இன்னொரு வியாபாரியிடமும் எடுத்தார். வெளியே நின்று பார்த்தால் எல்லாம் ஒரே நீலம். என் சரக்கு எது என்று எனக்கே தெரிவதில்லை. ஹெல்மெட் மாட்டி உள்ளே போய், ரயிலையும் படகையும் பார்த்துத்தான் அடையாளம் பிடிக்கிறேன். சாப்பாட்டு வேளையில் வாட்ச்மேன் வரைகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்து விடுகிறார். கம்பி கட்டுகிறவர்கள் ஜன்னல்களுக்குக் கீழே வரிசையாக உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். அதில் இரண்டு பேர் பிரஷ் கேட்டிருக்கிறார்கள்.

நேற்று ஒட்டுக்காரி சாப்பாட்டு டப்பாவைப் பாதியில் மூடிவிட்டு, ரயில் பெட்டிகளை எண்ணியபடி எழுந்தாள்.

“பதினொண்ணுதாண்ணே இருக்கு. ஒன்பதாவது பெட்டி எங்க?”

டிரைவருக்குப் போன் போட்டேன். அந்தத் தகரம் முன்பே ஒரு பாலத்து வேலைக்குப் போயிருக்கலாம் என்றார். எந்தப் பாலம் என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் கேட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விட்டாள். நான் வண்டிச் சாவியைத் தேடிக்கொண்டிருந்தேன்.