கடலை முன்னறியாத என் தங்கை

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, காலை எட்டரை மணி. வானத்தில் மேகமே இல்லை, காற்றும் இல்லை. மரக்காணத்தில் எங்கள் வீட்டில் தங்கை என் எதிரே அமர்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அலமாரி மேலிருந்த வானொலியிலும் அவர் குரல்தான். முந்தின வாரமே பதிவு செய்த நிகழ்ச்சி. "மழைக்காலமுங்க, உப்புக் குவியலை ஓலை போட்டு மூடிடுங்க" என்று உப்பளத்தாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு டிசம்பரிலும் சொல்வதுதான்.

அதைக் கேட்டு ஒன்பது பேர் ஓலையோடு சாலை மேட்டிலிருந்த குவியல்களுக்குப் போயிருக்கிறார்கள். சற்று நேரத்தில் கடல் ஊருக்குள் வந்தது. நாங்கள் இட்லியைப் போட்டுவிட்டு ஓடித் தப்பினோம். மேட்டிலிருந்த ஒன்பது பேரும் பிழைத்தார்கள்.

சில நாளில் ஒரு நாளிதழ் தங்கையின் படத்தைப் போட்டு, "கடலை முன்னறிந்த குரல்" என்று எழுதியது. மற்ற பத்திரிகைகளும் தொடர்ந்தன. "கரையின் காவல்", "அஞ்சாத அறிவிப்பாளர்" என்று நான் எண்ணியவரை ஆறு பட்டங்கள்.

உப்பு வாரும் குடும்பத்தில் பிறந்து, சிறுவயதிலேயே தந்தையை இழந்து, உதவித்தொகையில் படித்து, புதுச்சேரியில் வானொலிக்கும் பிறகு தொலைக்காட்சிக்கும் அறிவிப்பாளரானவர் தங்கை. அவரைப் பற்றிப் பத்திரிகையில் வந்த முதல் செய்தி அது. படித்த நாள் முதல் அவருக்குத் தூக்கம் போயிற்று.

"அண்ணே, இத நம்பிக்கிட்டு, நான் சொல்லட்டும்னு யாராச்சும் நிக்கப் போறாங்க" என்றார். திருத்தம் கேட்டு இரண்டு முறை பத்திரிகை அலுவலகம் போனார். "நல்லதாத்தான மேடம் எழுதியிருக்கோம்" என்று டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

மூன்று மாதம் கழித்து, மறுபடியும் கடல் வரலாம் என்று எச்சரிக்கை வந்தது. வண்டியில் ஒலிபெருக்கி கத்திக்கொண்டு போகிறது. ஜனங்களோ ஓடாமல் எங்கள் வாசலில் நிற்கிறார்கள்.

"அக்கா வூட்லதான இருக்குது? அது கெளம்பட்டும், நாமளும் கெளம்பலாம்."

"டேய், எனக்கு ஒண்ணும் தெரியாதுடா! ஓடுங்கடா!" என்று தங்கை கதறினார்.

"அக்கா தமாஷ் பண்ணுது" என்று ஒருவன் சிரித்தான்.

தங்கை செருப்பில்லாமல் மேற்கே ஓடிய பிறகே கூட்டம் நகர்ந்தது. தண்ணீர் வரவில்லை. வந்திருந்தால் எங்கள் வாசலில் நின்ற அத்தனை பேரும் போயிருப்பார்கள்.

அதன்பின் அவர் புதுச்சேரிக்குப் பஸ் ஏறினாலே, "அக்கா ஊர விட்டுப் போவுது" என்று தெருவில் மூட்டை கட்டினார்கள். போகவும் பயம், இருக்கவும் பயம். அந்தப் பயத்திலேயே இதயம் பழுதுபட்டு, 2006இல் படுக்கையில் விழுந்தார்.

"அந்தப் பேர மாத்தச் சொல்லுண்ணே. நான் செத்துட்டா, சொல்ல ஆளில்லியேன்னு உக்காந்துடுவாங்க." தங்கை என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான்.

அதே நாளிதழுக்குப் போனேன். திருத்தம் போட மாட்டார்கள். கண்ணீர் அஞ்சலி விளம்பரம் போடுவார்களாம். சரி என்று எழுதிக் கொடுத்தேன்: "எங்கள் தங்கைக்குக் கடல் வருவது முன்பே தெரியாது. கடல் உள்வாங்கினால் யார் சொல்லுக்கும் காத்திராமல் ஓடுங்கள்."

விளம்பரப் பிரிவுத் தம்பி பரிதாபமாகப் பார்த்தார். "ஐயா, நாலு வார்த்த புகழ்ந்து எழுதுங்களேன். அதுக்கும் இதே காசுதான்."

"ஏற்கெனவே நீங்க புகழ்ந்ததே போதும்பா" என்றேன்.

தங்கையைத் தன் காரில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன கூனிமேட்டு பாய்க்கும், உடனிருந்து பார்த்த செவிலியருக்கும், பாடையைத் தோள்மாற்றித் தூக்கிய அந்த ஒன்பது பேருக்கும் எங்கள் குடும்பம் கடன்பட்டிருக்கிறது. தங்கைக்காக நாங்கள் போட்ட இந்த நினைவு மலரை வாங்கிய நீங்களும் அந்த விளம்பர வாசகத்தை வீட்டில் உரக்கப் படியுங்கள். அதை ஒரே ஒரு நாள் அச்சில் பார்க்க நான் கட்டியது நாலாயிரத்து எண்ணூற்று ஐம்பது ரூபாய்.