பதினெட்டுக்கு மேல் இங்கே பார்ப்பதில்லை

மகளுக்கு அப்போது ஏழு வயது. மைசூர் அக்ரஹாரத்தில் ஒரு பூக்கடை முன்னால் என் கையை உதறிவிட்டுச் சாலைக்குள் பாய்ந்தாள். எதிர்ப்பக்கம் ஒரு நாய்க்குட்டி நின்றிருந்தது, அவ்வளவுதான் காரணம். ஸ்கூட்டர் தட்டியதில் காறை எலும்பு முறிந்தது. கட்டுப் போட்ட டாக்டர், இவள் வலியை மறந்து மற்றக் கையால் அவர் மேஜையிலிருந்த எல்லாவற்றையும் இழுத்துப் பார்ப்பதைக் கவனித்துக்கொண்டே இருந்தார்.

"எப்பவும் இப்படித்தானா?"

"ஆமாங்க, வாலு" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. குழந்தைகள் மனநல டாக்டர் ஒருவரைப் பார்க்கச் சொன்னார்.

அதற்கு முன்பே பள்ளியில் புகார்கள் வந்துகொண்டுதான் இருந்தன. உட்காருவதில்லை, கேள்வி முடியும் முன்பே பதில் சொல்கிறாள், புத்தகப்பையைத் தொலைக்கிறாள். என் கணவர் நஞ்சன்கூடு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறார். நான் வீட்டில் ரவிக்கை தைக்கிறேன். இருவருமே தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய ஹனூர்ப் பக்கத்துக்காரர்கள். பிள்ளை என்றால் அப்படித்தான் என்று விட்டிருந்தோம்.

குழந்தைகள் டாக்டர் நடுவயதுப் பெண். எங்களுக்காகத் தட்டுத்தடுமாறித் தமிழில் பேசினார். ஏ.டி.எச்.டி., அதாவது கவனம் ஓரிடத்தில் நிற்காத துறுதுறுப்பு என்றார். "இது காய்ச்சல் மாதிரி இல்லம்மா. வருஷக்கணக்கா கூடவே போகணும். மாத்திரை பாதி, மீதி நீங்களும் ஸ்கூலும்."

"ஏனுங்க மேடம், பெரிசானா சரியாயிருமுங்களா?" என்று கேட்டார் கணவர்.

"சிலருக்குக் குறையும். சிலருக்குக் கூடவே இருக்கும். இப்போ சொல்ல முடியாது."

அந்த 'சொல்ல முடியாது'வை வைத்துக்கொண்டுதான் பல வருடங்கள் ஓட்டினோம்.

மாத்திரை ஆரம்பித்த சில நாட்களிலேயே ஒரு பக்கம் முழுவதையும் எழுதி முடித்துத் தையல் மெஷினுக்கு வந்து காட்டினாள். "அம்மா, நோடு, பாரு! ஃபுல்லா எழுதிட்டேன்." பள்ளியிலிருந்து பாராட்டி ஃபோன் வந்தது. ஆனால் வீடு அமைதியாகிவிட்டது. மெஷின் பெடலில் ஏறி நின்று ஆயிரம் கேள்வி கேட்டவள் ஜன்னல் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டாள். மத்தியானச் சாப்பாட்டு டப்பா கொண்டுபோனபடியே திரும்பி வந்தது. பொழுது சாயும் நேரத்தில் மருந்தின் பிடி விட்டதும் பென்சில் முனை உடைந்ததற்கெல்லாம் தேம்பி அழுதாள். ஒவ்வொரு முறையும் டாக்டர் எடையும் உயரமும் இரத்த அழுத்தமும் பார்த்தார். அளவைக் குறைத்தார், வேறு மாத்திரைக்கு மாற்றினார். மாத்திரைக்கு முன்பே வயிறு நிறைய ராகிக்களி கொடுத்துவிடப் பழகினேன். எல்லாக் கடைகளிலும் கிடைக்கிற மருந்தும் அல்ல. தீர்ந்துபோன சமயங்களில் கணவர் நஞ்சன்கூடு ரயிலிலிருந்து இறங்கிய கையோடு ஸ்கூட்டரில் ஊரெல்லாம் தேடிவிட்டு வாடிய முகத்தோடு வருவார்.

அவளுக்குப் பதினைந்து வயதானபோது ஹனூரில் ஒரு கல்யாணம். காலையில் அவள் மாத்திரை போடுவதைப் பார்த்த கணவரின் அண்ணி என்ன மாத்திரை என்று கேட்டார். "சத்து மாத்திரைங்க அண்ணி" என்றார் கணவர். நாளைக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்களே என்ற கவலை அவருக்கு. மைசூர் திரும்பும் பஸ்ஸில் அவள் தனியாக முன் சீட்டில் போய் உட்கார்ந்துகொண்டாள். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது கேட்டாள்: "ஏன்பா பொய் சொன்னீங்க? நான் அவ்ளோ அசிங்கமா?" அவர் துண்டை எடுத்துக்கொண்டு குளிக்கப் போய்விட்டார்.

அடுத்த முறை டாக்டர் எங்களை வெளியே அனுப்பிவிட்டு அவளோடு வெகுநேரம் பேசினார். கோடை விடுமுறையில் மாத்திரை இல்லாமல் இருந்து பார்க்கட்டும், பள்ளி திறந்ததும் மறுபடி பேசலாம் என்றார்.

அந்தக் கோடையில் ஒருநாள் பஸ்ஸில் மேல்கோட்டை மலைக்கோயிலுக்குப் போனோம். எனக்கு முன்னால் படிகளில் ஓடி ஏறினாள், குரங்குகளோடு பேசினாள், புளியோதரையை இரண்டாம் முறை வாங்கித் தின்றாள். வழியில் கண்ட எல்லாரிடமும் கன்னடத்தில் வாயடித்தாள். அவள் சத்தமாகச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். பள்ளி திறக்க இன்னும் எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன்.

பள்ளி திறந்தது. பத்தாம் வகுப்பு. மறுபடி மாத்திரை போடச் சொன்னதற்கு "பேடா மா, எனக்கு வேண்டாம்" என்றாள். டாக்டரும் எடுத்துச் சொல்லிப் பார்த்தார். அரையாண்டில் பாதிப் பாடங்கள் போயின. நெருங்கிய தோழி, இவளிடம் ரகசியம் நிற்காது என்று விலகினாள். அதன் பிறகு இவள் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு படுத்தே கிடந்தாள். கடைசியில் தானாகவே மாத்திரையைக் கேட்டு வாங்கிப் போட்டாள். கூடவே மனச்சோர்வுக்கும் ஒன்று சேர்ந்தது. ஒவ்வொரு வாரமும் மனநல ஆலோசனைக்குப் போனாள். தட்டுத்தடுமாறிப் பத்தையும், பியுசி என்கிற பன்னிரண்டாம் வகுப்பையும் தாண்டினாள்.

பதினெட்டு முடிந்ததும் டாக்டர் வருத்தத்தோடு சொன்னார்: "இனி இங்கே பார்க்க மாட்டாங்கம்மா. பெரியவங்க பிரிவுக்குப் போகணும்." அவளுடைய தலையைத் தடவினார். வெளியே வரும்போது, அந்தச் சின்ன நாற்காலிகளையும் சுவரில் இருந்த ஒட்டகச்சிவிங்கிப் படத்தையும் அவள் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

பெரியவர்கள் பிரிவு வேறு கட்டடத்தில் இருந்தது. பெரிய கூடம், யாரோ ஒருவர் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தார். அங்கிருந்த டாக்டர் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"இது சின்னப் பசங்களுக்கு வர்றது. வளர்ந்தா போயிடும். இந்த மாத்திரையெல்லாம் இனி எழுதித் தர முடியாது."

"குழந்தைங்க டாக்டர் வருஷக்கணக்கா பார்த்திருக்காங்க சார்" என்றேன்.

"அதான், பார்த்தாச்சில்ல?" என்று அடுத்தவரைக் கூப்பிட்டார்.

ஆஸ்பத்திரி வாசலில் நின்று அவள் கேட்டாள்: "அப்போ நான் சரியாயிட்டேனா மா?" முகத்தில் ஒரு வெளிச்சம். அதை அணைக்க எனக்கு மனம் வரவில்லை. "வா கண்ணு, ஒரு காபி குடிக்கலாம்" என்று மட்டும் சொன்னேன்.

மாத்திரை இல்லாமல், கல்லூரியில் ஒரு வருடம்கூட நிற்கவில்லை. துணிக்கடையில் சேர்ந்தாள். பிறகு மருந்துக்கடை, பிறகு ஒரு கால் சென்டர். எங்கேயும் முதலில் அவளைக் கொண்டாடுவார்கள். பிறகு தாமதம், மறதி, கோபத்தில் வீசிவிட்ட ஒரு வார்த்தை. பழைய டாக்டருக்கு ஃபோன் செய்தேன். பெரியவர்களுக்கும் இது இருக்கும், பெங்களூரில் பார்க்கிறவர்கள் இருக்கிறார்கள் என்று ஒரு பெயரைச் சொன்னார். "ஆனா அவளே வரணும்மா. இனி நீங்க இழுத்துட்டு வர முடியாது."

போன மாதம் கால் சென்டரிலும் நிறுத்திவிட்டார்கள். ஷூவைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். பெங்களூர்ப் பேச்சை மெதுவாக எடுத்தேன். கத்துவாள் என்று நினைத்தேன், கத்தவில்லை.

"மாத்திரை போட்டா அமைதியா இருக்கறாளே, அவ நான் இல்லம்மா" என்றாள். "இப்போ இருக்கறவளும் எனக்குப் புடிக்கல. அங்க போய் எவளச் சரிபண்ணச் சொல்றது?"

பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் ஷூவின் நாடாவை அவிழ்த்தேன். "போறதா வேண்டாமான்னு நாளைக்குச் சொல்றேன்" என்றாள். அதற்குப் பிறகு பல நாளைகள் வந்து போய்விட்டன. இன்று காலையும் நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை.