கடிதம் இல்லாமல் வந்த வெள்ளம்

யுத்தம் முடிந்து பாதை திறந்த பிறகு, பொத்துவிலுக்குத் தெற்கே ஒதுக்கமான ஒரு கடற்கரைக்கு நீருக்கடியில் மீன் பார்க்கும் முகக்கண்ணாடிகளோடு போனோம், நானும் என் தங்கையின் கணவர் ரஹீமும். பெருமழை விட்ட மறுநாள். கடல் அடிமணல் தெரியத் தெளிந்திருந்தது.

தோணியடியில் நின்ற மீனவர், அண்ணன் முறையில் காக்கா என்று அழைத்து மறித்தார். "இறங்காதீங்க காக்கா. முகத்துவாரம் வெட்டுறாங்க."

களப்பு என்ற கரையோர நீரேரி நிரம்பி வயல் மூழ்கினால், கடலோரத்து மணல்மேட்டை வெட்டி வெள்ளத்தை விடுவது எங்கள் பக்க வழக்கம். அதற்கான அனுமதிக் கோப்புகளைப் பார்த்தே ஓய்வுபெற்ற அரச ஊழியன் நான்.

"கூட்டம் வைக்காம, கடிதம் இல்லாம வெட்ட ஏலாது," என்றேன்.

"ஓம் காக்கா. அந்தச் சட்டத்தத் தண்ணிக்கிட்டயும் கதைங்க."

ரஹீம் சிரித்தபடி இறங்கினார். நானும்தான்.

சற்று நேரத்தில் பக்கத்தில் பேரிரைச்சல் கேட்டது. சேறும் பிடுங்கிய மரங்களும் செத்த மாடுமாகக் களப்பு எங்கள்மேல் பாய்ந்தது. என்னைப் பாறையில் அறைந்து முன்பற்களை உடைத்தது. ரஹீமின் தோளைக் கிழித்து ஆழத்துக்கு இழுத்தது. சுனாமியில் என் தங்கையைப் பறிகொடுத்தவர், அவள் பெயரைச் சொல்லித்தான் அலறினார். அதே மீனவர் இயந்திரத் தோணியில் பாய்ந்து வந்து, அவரைத் தலைமயிரில் பிடித்துத் தூக்கினார்.

வெட்ட அனுமதிக்கும் கூட்டம் மறுவாரம் முறைப்படி நடந்ததாம்.

இப்போது கடலுக்குப் போகும் வழியில் முதலில் வயலைப் பார்க்கிறேன். வரம்பு மூழ்கியிருந்தால் கண்ணாடி பைக்குள்ளேயே இருக்கும். வரம்பு தெரிந்தாலும் அந்த மீனவரைக் கேட்காமல் கால் நனைப்பதில்லை. அவரோ ஒவ்வொரு முறையும், "கடிதம் வந்துட்டா காக்கா?" என்றுதான் தொடங்குகிறார்.