பனைமரத்தை உரசிய மரியாதை

காஜிமார் தெரு நூருல் அமீனைப் புதிதாகப் பார்ப்பவர்கள் ஊமை என்றே நினைத்துக்கொள்வார்கள். கீழ மாசி வீதியில் அவருடைய பூட்டுக் கடைக்குப் போய் என்ன கேட்டாலும் பாதிக்குமேல் சிரிப்புதான் பதில். அவருடைய வாப்பா அப்துல் அலீம் வைத்த கடை அது. உலகச் சண்டை முடிந்து பர்மாவிலிருந்து திரும்பிய அமீன், விமானம் ஓட்டிய கையால் திண்டுக்கல் பூட்டுக்குச் சாவி பொருத்திக் கொடுக்கிறார். கேட்டால், "இதுவும் கைவேலைதானே" என்பார். "இவங்க ஏரோப்ளான் ஓட்டுனாங்கங்கிறதே நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும்" என்று அவருடைய மனைவி அஜ்மல் பீவி என்னிடம் அலுத்துக்கொண்டிருக்கிறாள்.

அப்படிப்பட்ட மனிதர் வாயைத் திறந்ததால்தான் என் ஆத்துக்காரர் இன்றைக்கு உயிரோடு உட்கார்ந்து, நான் எழுதுவதை எட்டிப் பார்த்துக் குறை சொல்லிக்கொண்டிருக்கிறார். அவர் பெயர் பஞ்சாபகேசன். எழுதத்தான் கை வருகிறது, வாயால் சொல்ல மாட்டேன்.

சண்டைக்காக அவனியாபுரம் பக்கம் விமானத் திடல் போட்டிருந்த காலம். அங்கே விமானம் ஓட்டப் பழக்குகிற முகாம் ஒன்று நடந்தது. இவர் கலெக்டர் கச்சேரியில் இருந்த குமாஸ்தா வேலையை விட்டுவிட்டு அதில் போய்ச் சேர்ந்தார். என் மாமனார் விஸ்வேஸ்வரய்யர் அன்றைக்கே சொல்லிவிட்டார்: "ரெக்கை முளைச்சா வா. இல்லேன்னா இந்தப் பக்கம் தலை வெச்சுப் படுக்காதே." பயிற்சியில் தேறியவர்களுக்குச் சட்டையில் இறக்கைச் சின்னம் குத்துவார்கள், அதைத்தான் சொன்னார். நாங்கள் வடக்கு மாசி வீதியில் ஒரு ஒண்டுக் குடித்தனத்தில் இருந்தோம். இறக்கை வராவிட்டால் வேலையும் இல்லை, வீடும் இல்லை. இதை நினைத்துக்கொண்டுதான் தினமும் அடுப்பு மூட்டுவேன்.

முகாமில் பல ஊர்ப் பையன்கள் இருந்தாலும் மதுரைக்காரர்கள் இவரும் அமீனும் மட்டுந்தான். அதனால் இருவரையும் ஜோடியாக்கினார்கள். அந்தச் சின்ன விமானத்தில் முன்னால் ஒரு ஆசனம், பின்னால் ஒரு ஆசனம். இரண்டிலும் ஓட்டுகிற குச்சி உண்டு, ஒருவர் மாற்றி ஒருவர் ஓட்டலாம். எஞ்சின் இரைச்சலில் பேசிக்கொள்ள நடுவில் ஒரு ரப்பர்க் குழாய். குச்சியை மாற்றிக்கொள்வதற்கு ஒரு முறை இருந்தது. வாங்குகிறவன் "நான் பிடித்துக்கொண்டேன்" என்று குழாயில் சொல்ல வேண்டும். கொடுக்கிறவன் "நீ பிடித்துக்கொண்டாய்" என்று பதில் சொன்ன பிறகுதான் கையை எடுக்க வேண்டும். பயிற்சி கொடுத்த வெள்ளைக்கார அதிகாரி இதை வாய்ப்பாடு மாதிரி ஒப்பிக்க வைப்பாராம்.

அமீனுக்கு இதுதான் வாயில் வரவில்லை. என் ஆத்துக்காரர் வயதில் மூத்தவர். "பெரியவங்க கையில இருக்கிறதை நான் பிடிச்சுக்கிட்டேன்னு எப்படிண்ணே சொல்றது? புடுங்குற மாதிரில்ல இருக்கு" என்று கூசினார். இவரும் மரியாதைக்குச் சளைத்தவரா? இருவருமாகத் தங்களுக்கென்று ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார்கள். முன் ஆசனத்தில் இருக்கும் இவர் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினால் குச்சியை விட்டுவிட்டார் என்று அர்த்தம். அமீன் விடும்போது குச்சியை ஒரு தட்டுத் தட்டுவார். வாய் திறக்கிற வேலையே இல்லை. பார்த்துவிட்டு மற்ற ஜோடிகளும் அப்படியே செய்ய ஆரம்பித்தார்கள்.

ஒரு நாள் காலையில் அழகர்கோவில் பக்கம் பறந்தார்கள். குச்சி இவரிடம். கீழே கோபுரம் தெரிந்தது. பிறந்ததிலிருந்து பழகிய கை சும்மா இருக்குமா? இரண்டு கையையும் தலைக்கு மேலே கூப்பிக் கள்ளழகரைக் கும்பிட்டுவிட்டார். அண்ணன் கொடுத்துவிட்டார் என்று அமீன் பின்னால் குச்சியைப் பிடித்தார். கும்பிட்டு முடித்து இவர் மறுபடி பிடித்தால், குச்சி வேறு ஒரு கைக்குக் கட்டுப்பட்டிருந்தது. 'ஓகோ, தம்பி ஓட்டுகிறான்' என்று விட்டுவிட்டார். அதே நொடியில் குச்சி இழுபட்டதைப் பார்த்த அமீன், 'அண்ணன் திரும்ப வாங்கிக்கிட்டார்' என்று தட்டாமலே விட்டுவிட்டார். ஆக, இருவரும் மடியில் கையை வைத்துக்கொண்டு ஊரை வேடிக்கை பார்த்தார்கள்.

விமானம் மெல்ல மெல்லத் தாழ்ந்தது. கோவிலை இன்னும் கிட்டத்தில் பார்க்க அண்ணன் ஆசைப்படுகிறார், நாம் ஏன் கேட்க வேண்டும் என்று அமீன் பேசாமல் இருந்தார். சின்னப் பையன், ஆசையாக ஓட்டுகிறான், குறுக்கே பேசுவானேன் என்று இவர் பேசாமல் இருந்தார். பனந்தோப்பு முகத்துக்கு நேரே வந்தபோதுதான் இருவரும் ஒரே சமயத்தில் பாய்ந்து பிடித்தார்கள். எப்படியோ தூக்கிவிட்டார்கள். திடலில் வந்து இறங்கியபோது சக்கரத்தில் ஒரு பனை ஓலை தொங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு மரியாதையை எமன்கூட எதிர்பார்த்திருக்க மாட்டான்.

மறுநாள் காலை விசாரணை என்று அதிகாரி சொல்லிவிட்டார். உண்மை தெரிந்தால் இவரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று முகாமே பேசிக்கொண்டது. மலைக்காற்று கீழே அமுக்கிவிட்டது என்று சொல்லிவிடுங்கள், காற்றை யார் சாட்சிக்குக் கூப்பிடப் போகிறார்கள் என்று கூட இருந்தவர்கள் யோசனை சொன்னார்கள். இவரும் தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார்.

விளக்கேற்றுகிற நேரத்துக்கு அமீன் சைக்கிளில் வந்தார். உள்ளே வரவில்லை, நடையிலேயே நின்றார்.

"அண்ணே, நாளைக்கு நான் உள்ளதைச் சொல்லிருவேன். உங்களுக்குத் தெரியாமச் சொல்லக் கூடாதுன்னுதான் வந்தேன்."

"காத்துன்னு சொல்லிடலாம்னு பேசினோமேப்பா. யாருக்கு என்ன நஷ்டம்?"

"காத்துன்னு சொன்னா நம்ம வழக்கத்தை யாரும் நிறுத்த மாட்டாங்கண்ணே. நாளைக்கு இன்னொரு ஜோடி கையைத் தூக்கும். எல்லாருக்கும் பனை ஓலையோட போயிருமா?"

எனக்கு வந்ததே கோபம்! கூடத்திலிருந்தே கத்தினேன். "உமக்கென்ன, வாப்பா கடை இருக்கு. போய் உக்காந்துக்கலாம். இவருக்குக் கச்சேரி வேலையும் போச்சு, அப்பாவும் கை கழுவியாச்சு. நாங்க எங்கே போறது?"

எங்கள் வீட்டுப் பேச்சைக் கேட்டுக் கேட்டு அமீன் என்னை மன்னி என்றுதான் கூப்பிடுவார். "மன்னி, அண்ணனைக் குத்தம் சொல்ல மாட்டேன். குச்சியைத் தட்டாம விட்டது நான்தாங்கிறதைத்தான் முதல்ல சொல்லுவேன். அதுக்கு மேல ஆபீசர் விட்ட வழி" என்றார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் காப்பி குடிக்காமல் போனது அன்று ஒரு நாள்தான். "வாரேன் மன்னி" என்று சொல்லிவிட்டுத்தான் சைக்கிளை எடுத்தார். அந்தக் கோபம் நியாயமான கோபம்தான், இப்போதும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் இவர் அன்றைக்குச் சாப்பிடவில்லை. "என் மூஞ்சிக்கு நேரே வந்து நின்னு சொன்னான், பார்த்தியா?" என்று மட்டும் சொன்னார்.

விசாரணையில் குச்சி யார் கையில் இருந்தது என்று அதிகாரி கேட்டதும், அமீன் வாயைத் திறப்பதற்குள் இவரே எழுந்துவிட்டார். "இரண்டு பேர் கையிலும் இல்லை. நான் சாமி கும்பிட்டேன்" என்று தொடங்கி ஒன்று விடாமல் சொன்னார். அதிகாரி சிரிக்கவில்லை. இந்தக் கை தூக்குகிற வழக்கம் வேறு யாருக்கு இருக்கிறது என்று கேட்டார். பிறகு ஒருவர் பின் ஒருவராக முக்கால்வாசிப் பேர் எழுந்து நின்றார்களாம். அதிகாரியின் முகம் வெளுத்துவிட்டதென்று இவர் சொல்வார். ஏற்கெனவே வெளுத்த முகம், இன்னும் என்ன வெளுக்கும் என்று நான் கேட்பேன்.

பிறகு இருவரையும் தனித்தனியாக அழைத்து ஒரே கேள்வி கேட்டார்: "இவனோடு மறுபடியும் பறப்பாயா?" "இப்பவே போறேன்" என்றார் அமீன். இவர் சொன்னது: "தப்பு நடந்தால் என் முகத்துக்கு நேரே சொல்கிறவன். அவனோடுதான் பறப்பேன்."

"சரி, அதே வழியில் போய் வாருங்கள். இன்னொரு விமானத்தில் நான் பக்கத்திலேயே வருவேன். உங்களை வைத்துக்கொள்வதா, அனுப்புவதா என்று இறங்கிய பிறகு சொல்கிறேன்" என்றார் அதிகாரி.

இறங்கியதும் இவரிடம்தான் கோபமாக வந்தாராம். "கோவிலுக்கு மேலே மறுபடியும் கையைத் தூக்கினாயே, என் கண்ணாலேயே பார்த்தேன்!" குழாயில் இருவரும் பேசிக்கொண்டதை இவர் சொன்னார். அமீனிடமும் தனியாகக் கேட்டார், அதையேதான் அவரும் சொன்னார். அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "நாளைக் காலையில் இரண்டு பேரும் பயிற்சிக்கு வந்துவிடுங்கள்" என்றார்.

அன்று சாயங்காலம் இருவரும் சேர்ந்தே வீட்டுக்கு வந்தார்கள். நான் டிகாக்ஷனைத் திக்காக இறக்கிக் காப்பி கலந்தேன். கொண்டுபோய்க் கொடுக்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. "நீர் நன்னா இருக்கணும் அமீன். எத்தனை ஜென்மம் எடுத்தாலும் இதை மறக்க மாட்டேன்" என்றேன். அவர் வழக்கம்போலச் சிரித்தார், காப்பி நன்றாக இருக்கிறது என்று தலையாட்டினார். குழாயில் என்னதான் பேசினீர்கள் என்று நான் இவரைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

கோபுரம் தெரிந்ததும் இவர் கையைக் குச்சியிலேயே இறுக்கி வைத்துக்கொண்டாராம். அப்போது குழாயில் அமீனின் குரல் வந்தது.

"அண்ணே, நான் பிடிச்சுக்கிட்டேன்."

"நீ பிடிச்சுண்டே" என்றார் இவர்.

"இப்பக் கும்பிட்டுக்கங்க."

"என்ன வேண்டிண்டேள்?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் வேண்டிக்கலைடி" என்றார். "பின்னாடி அவன் பிடிச்சிண்டிருக்கான்னு தெரிஞ்சது. பயமில்லாமக் கும்பிட்டேன், அவ்வளவுதான்."