இறங்கிய முள்

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மெக்கானிக் ஷெட் இருந்தது. அந்தக் காலத்தில் ஊரில் மோட்டார் வண்டிகளே கொஞ்சம். வாடகைக்கு ஓடிய கார்களில் ஒன்று கன்னியப்பண்ணனுடையது. என்னைவிடப் பெரியவர். பலர் கை மாறி வந்த பழைய சீமை வண்டி. அதைக் கட்டின பெண்டாட்டியைப் போலப் பார்த்துக்கொள்வதாகச் சொல்வார். அந்த அம்மாள் அதை ஒப்புக்கொண்டதில்லை.

நல்ல கோடை. வண்டி சூடாகிறது என்று அவர் ஷெட்டில் கொண்டுவந்து நிறுத்திய காலை வேளை. பானெட்டைத் திறக்கக்கூட இல்லை, ஏசுதாஸ் ஓடி வந்தான். பக்கத்துக் கிராமத்தில் கூலி வேலை செய்பவன். அவன் மனைவி சலோமிக்கு முதல் நாளிலிருந்து பிரசவ வலி. மருத்துவச்சி கையை விரித்துவிட்டாள். செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ என்று சொல்லிவிட்டாள்.

"அண்ணா, பஸ்ஸு சாயங்காலந்தான் கீதாம். ஜல்தியா வாண்ணா."

கன்னியப்பண்ணன் என்னைப் பார்த்தார். "ஏகாம்பரம், நீயும் ஏறு. வழியில எதுனா ஆச்சின்னா நான் இன்னா பண்ணுவேன்?"

பையில் ஸ்பானர்களைப் போட்டுக்கொண்டு ஏறினேன். அவன் கிராமத்துக்குப் போய் அவளை ஏற்றிக்கொண்டோம். பின் சீட்டில் சலோமி தன் தாயின் மடியில் தலை வைத்துப் படுத்திருந்தாள். ஏசுதாஸ் அவள் காலடியில் ஒடுங்கி உட்கார்ந்தான். முன்னால் நான் இருந்த இடத்திலிருந்து டெம்பரேச்சர் மீட்டர் நன்றாகத் தெரிந்தது.

இப்போதுள்ள பிள்ளைகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும். அந்த மீட்டருக்கு மின்சாரம் கிடையாது. எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டில், அதைக் குளிர்விக்க ஓடும் தண்ணீருக்குள், விரல் நீளத்துக்கு ஒரு செம்புக் குப்பி முங்கியிருக்கும். அதற்குள் சீக்கிரம் ஆவியாகும் திரவம். அங்கிருந்து டாஷ்போர்டு வரை நூல் போல மெல்லிய செம்புக் குழாய். தண்ணீர் சூடானால் உள்ளே ஆவி அழுத்தும், முள் ஏறும். அவ்வளவுதான்.

வழியில் நெல்வாய் கிராமத்தைத் தாண்டியதும் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. கன்னியப்பண்ணன் வேகத்தைக் குறைத்தார். பானெட் இடுக்கில் ஆவி வந்தது. பின்னால் சலோமி முனகினாள்.

"ஓட்டுண்ணா, ஓட்டு!" என்றான் ஏசுதாஸ்.

கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். முள் மளமளவென்று இறங்கியது. ஆவியும் நின்றது. கன்னியப்பண்ணன் முகம் மலர்ந்தது.

"பாத்தியாடா, எறங்கிடிச்சி! எதிர்காத்து பட்டுச்சில்ல, அதான்."

நான் குனிந்து மீட்டரைத் தட்டிப் பார்த்தேன். கொதித்த தண்ணீர் அப்படி ஒரே மூச்சில் ஆறாது. காய்ந்த பெயின்ட் கருகும் வாடை வேறு. எஞ்சின் சத்தமும் கனத்துப் போயிருந்தது.

"அண்ணா, நிறுத்து."

"இன்னாடா? முள்ளுதான் எறங்கிடிச்சே!"

"அதுக்குத்தான் சொல்றேன். எஞ்சினை ஆஃப் பண்ணு!"

நிறுத்தினார். ஏசுதாஸ் கதவைத் திறந்து பாய்ந்து வந்து என் சட்டையைப் பிடித்துவிட்டான். "என் பொண்டாட்டி உசுரு போய்க்கினு கீது. நல்லா ஓடற வண்டிய ஏன்யா நிறுத்தின?"

"இப்டியே ஓட்டினா எஞ்சின் சூட்டுல இறுகிப் புடிச்சிக்கும். அப்புறம் ஆஸ்பத்திரி வரிக்கும் தள்ளிக்கினுதான் போவணும்."

பானெட்டைத் திறந்து காட்டினேன். ரேடியேட்டரின் அடியில் தண்ணீர் ஓடும் ரப்பர் ஹோஸ் நீளவாக்கில் கிழிந்திருந்தது. உள்ளே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. அவன் கை தானாகத் தளர்ந்தது.

பக்கத்து வயலில் அறுப்பறுத்துக்கொண்டிருந்த பெண்கள் ஓடி வந்தார்கள். சலோமியைப் புங்கமரத்தடியில் படுக்கவைத்துச் சுற்றி நின்று மறைத்தார்கள். ஒருத்தி கிணற்றிலிருந்து குடம் நிறையக் கொண்டுவந்து ரேடியேட்டரில் கவிழ்க்கப் போனாள்.

"ஊத்தாத தாயி! இந்தச் சூட்டுல பச்சைத் தண்ணி ஊத்தினா ஹெட்டு விரிசல் விட்டுடும்."

காத்திருப்பதுதான் கொடுமை. பையிலிருந்த சைக்கிள் ட்யூப் துண்டை ஹோஸ் மேல் இறுக்கிச் சுற்றினேன். கட்டுவதற்குத் துணி தேடினேன். சலோமியின் தாய் ஒன்றும் கேட்காமல் தன் புடவை ஓரத்தைக் கிழித்துக் கொடுத்தாள். மரத்தடியிலிருந்து சத்தம் வரும்போதெல்லாம் ஏசுதாஸ் என்னைப் பார்த்தான். நான் எஞ்சினைப் பார்த்தேன்.

ஹெட்டின் மேல் கையை வைத்து எடுக்காமல் இருக்க முடிந்த பிறகுதான் கிளப்பச் சொன்னேன். கன்னியப்பண்ணன் வண்டியின் முன்னால் ஹேண்டிலைச் செருகி, கண்ணை மூடிக்கொண்டு சுற்றினார். எஞ்சின் கிளம்பிவிட்டது. மெதுவாக ஓடவிட்டு, சொம்பு சொம்பாகத் தண்ணீர் ஊற்றினேன். கட்டின இடத்தில் அழுத்தம் ஏறக்கூடாதென்று ரேடியேட்டர் மூடியை லேசாக வைத்தேன். அந்தப் பெண்கள் சலோமியைத் தூக்கிவந்து படுக்கவைத்து, இரண்டு குடம் தண்ணீரையும் வண்டியிலேயே ஏற்றிவிட்டார்கள். வழியில் நின்று நின்று ஊற்றிக்கொண்டு ஆஸ்பத்திரி வாசலில் போய்ச் சேர்ந்தோம்.

பெண் குழந்தை. இடுக்கி ஆயுதம் போட்டு எடுத்தார்கள், தாயும் பிழைத்தாள். ஏசுதாஸ் வெளியே வந்து, கசங்கிப்போன என் சட்டையைக் கையால் நீவிவிட்டான்.

"மனசுல வெச்சிக்காதண்ணா."

"உன் எடத்துல நானும் அதத்தான் பண்ணியிருப்பேன்" என்றேன்.

ஊருக்குத் திரும்பிப் புது ஹோஸ் மாட்டினதும் கன்னியப்பண்ணன் வேறொரு வழக்கைக் கிளப்பினார். "இந்த மீட்டரைக் கயட்டிக் கடாசு. எஞ்சின் வேவுது, இது சில்லுன்னு கீதுன்னு பொய் சொல்லுது. பொய் சொல்றது எனக்கு வாணாம்."

மீட்டரைக் குழாயோடு கழற்றி எதிர் டீக்கடைக்கு எடுத்துப்போனேன். கொதிக்கும் வெந்நீர்ப் பாத்திரத்தில் செம்புக் குப்பியை விட்டேன். முள் ஏறி உச்சியில் நின்றது. வெளியே தூக்கினேன், இறங்கியது. திரும்ப விட்டேன், ஏறியது. அண்ணன் அதை என் கையிலிருந்து வாங்கித் தானே நாலைந்து முறை முக்கிப் பார்த்தார். கடைக்காரர் கத்தினார்: "யோவ், அது டீக்கு வெச்ச தண்ணிய்யா! கிரீசு நாத்தம் அடிக்குது."

அண்ணன் காதில் அது விழவில்லை. "அப்ப இது பொய் சொல்லல. இத்த தொடறதுக்குத் தண்ணியே இல்ல."

"அதான்ணா."

கடைக்காரர் அந்த வெந்நீரைத் தெருவில் கொட்டிவிட்டு வேறு உலை வைத்தார். நாங்கள் அது கொதிக்கும்வரை உட்கார்ந்திருந்து டீ குடித்துவிட்டு வந்தோம்.

அதன் பிறகு எத்தனையோ வண்டிகளின் மீட்டரைப் பார்த்துவிட்டேன். உப்புத் தண்ணீரால் குப்பியின் மேல் உப்பு பாறை போலப் படிந்தால் சூடு தாமதமாகத்தான் தெரியும்; சுரண்டாமல் ஊறவைத்துத் துடைக்க வேண்டும். செம்புக் குழாயை மடக்கக் கூடாது. பின்னாளில் ஒயர் வைத்த சென்ஸார் வந்தது. அதன் முனையில் பச்சைக் களிம்பு பூத்தால் துடைத்து மாட்ட வேண்டும். இதெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். வராதது ஒன்று உண்டு. முள் ஏறினால் எல்லோரும் பயப்படுவார்கள். நாம் ஒன்றும் செய்யாமலே அது இறங்கினால் சந்தோஷப்படுவார்கள். காரணம் தெரியாமல் வருகிற நல்ல சேதியைத்தான் முதலில் வண்டியை நிறுத்திவிட்டு விசாரிக்க வேண்டும்.