அரிசிப் பேணிக்குள் ஒரு கழுதை

போன ஞாயிறு சந்தையில் சியாகுல்லி மந்தாரின் வந்திருந்தது. மற்றத் தோடம்பழங்களெல்லாம் முடிந்த பிறகு வருகிற பிந்திய பழம். ஒன்றை உரித்துத் தோலை மூக்கருகே கொண்டுபோனேன். அவ்வளவுதான், தொண்ணூறுகளில் இத்தாலியில், பலேர்மோவின் லிபெர்த்தா வீதியில் நான் வேலை செய்த வீட்டின் சாப்பாட்டறையில் நின்றேன். சிஞ்ஞோரா, அதாவது அந்த வீட்டுக்கார அம்மா, மந்தாரின் தோலை வீட்டைச் சூடாக்கும் குழாய்களின் மேல் காய வைப்பார். குளிர்காலம் முழுவதும் அந்த மணம்தான்.

சிஞ்ஞோராவும் கணவர் சிஞ்ஞோரேயும் பலேர்மோவில் பிறந்து, அமெரிக்காவில் உழைத்து, ஓய்வுக்குத் திரும்பி வந்தவர்கள். இருவருக்கும் அமெரிக்க வாக்கு இருந்தது. சிஞ்ஞோரே ஜனநாயகக் கட்சி. சிஞ்ஞோரா குடியரசுக் கட்சி. கண்ணாடி அலுமாரியின் மேல் கணவரின் பீங்கான் கழுதையும் மனைவியின் பீங்கான் யானையும் ஒன்றையொன்று பார்த்தபடி நிற்கும். தூசி தட்டினால் இரண்டையும் அதே கோணத்தில் திருப்பி வைப்பேன். எதையும் இருந்த இடத்திலேயே வைப்பது என் குணம். அதற்காக என் வீட்டில் பட்ட கேலி கொஞ்சமல்ல.

நான் உடுப்புகளை அயன் பண்ணும்போது இருவரும் போட்டி போட்டுக்கொண்டு சரித்திரம் சொல்வார்கள். அமெரிக்க அரசியலமைப்பில் கட்சி என்ற பேச்சே இல்லையாம். முதல் ஜனாதிபதி, கட்சிப் பிரிவினை வேண்டாம் என்று எச்சரித்துவிட்டுத்தான் பதவியை விட்டாராம். ஆனால் அதற்கு முன்பே, மத்தியில் எவ்வளவு அதிகாரம், மாநிலங்களுக்கு எவ்வளவு என்று அவருடைய மந்திரிகளே இரண்டு பக்கமாகிவிட்டார்கள். பிறகு கட்சி இல்லாமல் வேட்பாளரும் இல்லை, சபையில் சட்டமும் நகராது. கழுதை என்பது ஜனநாயகக் கட்சிக்கு எதிராளிகள் வைத்த வசை. அந்த வசையையே சின்னமாக்கிக்கொண்டார்கள்.

"இப்பவும் பொருத்தமாத்தான் இருக்கு" என்பார் சிஞ்ஞோரா.

எங்கள் நாட்டிலும் ஒரு யானைக் கட்சி உண்டு என்று ஒருநாள் சொல்லிவிட்டேன். "பாத்தீரே, உலகம் முழுக்க எங்கடை ஆக்கள்!" என்று கணவரைச் சீண்டினார். பேசியது இத்தாலியனில்தான். என் காதில் இப்போது அது யாழ்ப்பாணத் தமிழாகக் கேட்கிறது.

கட்சி வேறாக இருந்தும் ஒரே மேசையில் சாப்பிடலாம் என்பது எனக்குப் புதிது. என் அண்ணையும் என் கணவரும் ஊரில் வேறு வேறு இயக்கங்களுக்கு ஆதரவாக நின்றவர்கள். துவக்குத் தூக்கியவர்கள் அல்லர். ஆளுக்கொரு பத்திரிகை விற்றார்கள். ஆனால் அந்த இயக்கங்கள் ஒன்றையொன்று சுட்டன. பலேர்மோவுக்கு வந்தும் இருவரும் கதைப்பதில்லை. சந்தையில் எதிர்ப்பட்டால் ஒருவர் மீனைப் பார்ப்பார், மற்றவர் எலுமிச்சையைப் பார்ப்பார்.

மகளுக்குக் காது குத்த வேண்டும். தாய்மாமன் மடியில் இருத்திக் குத்துவதுதான் எங்கள் வழக்கம். "உம்மடை அண்ணற்றை மடியிலை என்ரை பிள்ளை இருக்காது" என்றார் இவர், என் கணவர். காது குத்தாமலே மகள் நடக்கத் தொடங்கிவிட்டாள்.

அப்படியொரு குளிர்காலத்தில்தான் ஜனாதிபதியின் கட்சியும் சபையில் பெரும்பான்மையாயிருந்த கட்சியும் வரவு செலவுத் திட்டத்தில் ஒத்துப்போகாமல், அமெரிக்காவில் அரச அலுவலகங்களைப் பூட்டினார்கள். லிபெர்த்தா வீட்டில் காலையிலிருந்தே சத்தம். அந்த வாரம் சிஞ்ஞோராவின் நண்பர்கள், எல்லோரும் யானைக்காரர், விருந்துக்கு வந்தார்கள். கதவு மணி அடித்ததும் என் கை தானாக வேலை செய்தது. கழுதையை எடுத்துக் குசினியில் அரிசிப் பேணிக்குள் புதைத்து மூடிவிட்டேன். ஊரில் மற்ற இயக்கத்தார் படலையைத் திறந்தால், அம்மா எங்கள் பக்கத்து இயக்கம் அடித்த சுவர்க் கலண்டரைக் கழற்றிப் பாயின் கீழ் வைப்பதும் இதே வேகத்தில்தான்.

"என்ரை கழுதை எங்கை?" சிஞ்ஞோரே விருந்தினர் முன்னால் அலுமாரியைச் சுற்றி வந்தார்.

"அரச அலுவலகத்துக்குள்ளை வைச்சுப் பூட்டியிருப்பினம்" என்றார் ஒரு விருந்தினர்.

அரிசி ஒட்டிய கழுதையைக் கொண்டுவந்து வைத்தேன். எல்லோரும் சிரித்தார்கள். சிஞ்ஞோரா மட்டும் என் பின்னால் குசினிக்கு வந்தார்.

"ஏன் ஒளிச்சனீ?"

"அவருக்கு ஏதும் நடந்திடும் எண்டு."

திறந்து கிடந்த அரிசிப் பேணியை மூடினார். "இவரோடை வாழ்நாள் முழுக்கச் சண்டை பிடிச்சிட்டன். கழுதையை ஒளிச்சா நான் இனி ஆரோடை கதைக்கிறது?"

அடுத்த ஞாயிறு அண்ணையின் அறைக் கதவைத் தட்டினேன்.

"அண்ணை, பிள்ளைக்குக் காது குத்தப் போறம். உங்கடை மடி வேணும்."

"உன்ரை மனுசன் என்ன சொன்னவர்?"

"அவரை நான் கேக்கேல்லை."

அண்ணை வந்தார். எங்கள் ஆக்களில் நகை வேலை தெரிந்த ஒருவர் ஊசியோடு வந்தார். என் கணவர் யன்னல் பக்கம் திரும்பி நின்றார். மகள் திமிறிய திமிறலில் அவருக்குப் பொறுக்கவில்லை.

"தலையை இறுக்கிப் பிடியும்!"

"எனக்குப் பிடிக்கத் தெரியும். உங்கடை ஆக்கள் மாதிரி நடுவிலை விட்டுட்டு ஓடமாட்டன்."

"ஆர் ஓடினது? முதல்லை அதைச் சொல்லும், ஆர் ஓடினது?"

மகளின் அழுகை நின்ற பிறகும் அவர்கள் நிற்கவில்லை. தேத்தண்ணி ஆறியது. நான் குசினியில் வடை சுட்டுக்கொண்டிருந்தேன். எண்ணெயின் இரைச்சலில் அவர்கள் குரல் சரியாகக் கேட்கவில்லை. அடுப்பைக் குறைத்துவிட்டுக் கேட்டேன். அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமை என்றாலே எங்கள் வீட்டில் அந்தச் சத்தம்தான்.

சிஞ்ஞோரே முதலில் போனார், பிறகு சிஞ்ஞோரா. அந்த வீட்டில் இப்போது சுற்றுலாக்காரர் தங்குகிறார்கள். யானை எங்கே போனதோ, கழுதை என்னிடம் இருக்கிறது. என் கணவரும் இப்போது உயிரோடு இல்லை. அண்ணை இங்கிலாந்தில் மகனோடு இருக்கிறார். ஞாயிறுகளில் தொலைபேசியில் வருவார், சுகம் கேட்பார், வைப்பார்.

போன ஞாயிறு அவர் எடுத்தபோது, விரலில் மந்தாரின் மணத்தோடு, வேண்டுமென்றே அண்ணையின் பழைய இயக்கத்தைப் பேச்சில் இழுத்தேன். என் கணவர் வழக்கமாய்ச் சொன்ன குத்தலை அதே தொனியில் சொன்னேன். சத்தம் வரப்போகிறது என்று தொலைபேசியைக் காதிலிருந்து சற்றுத் தள்ளிப் பிடித்தேன்.

"ஓம் பிள்ளை" என்றார் அண்ணை. "அதுவும் சரிதான்."