சம்பந்தி கொடுத்த ஸ்டாம்பு

தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். என் அம்மாவிடம் அந்தப் பேச்சே செல்லாது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பது அவளுக்குப் பிழைப்பு. தபால் ஸ்டாம்பு ஓரத்துப் பற்களை எண்ணுவதுதான் உயிர். ஒரே படம், ஒரே நிறம் இருந்தாலும் ஓரத்துத் துளைகள் நெருங்கினால் அது அபூர்வ ரகமாகிவிடுமாம்.

எனக்குப் பெண் கொடுக்கப் போகிறவர், இந்தக் கிறுக்கைக் கேள்விப்பட்டு ஒரு ஸ்டாம்பைத் தேடி வாங்கி வந்தார். கீழ்ப்பக்கம் மட்டும் பல் நெருங்கிய அபூர்வ ரகம். அம்மா நன்றி சொன்ன கையோடு லென்ஸை எடுத்தாள்.

"அப்புறம் பாக்கலாம்மா," என்று அவள் காலை மிதித்தேன். அசைந்தால்தானே!

"மத்த மூணு பக்கமும் கிழிச்ச பல்லு சம்பந்தி, நுனில பேப்பர் நார் நிக்குது. கீழ நார் இல்லாம மழமழன்னு இருக்கறது கட்டின பல்லு. சாதா ஸ்டாம்பை வெட்டி, புதுசா துளை போட்டிருக்காங்க. உயரமும் குறையுது பாருங்க. உங்களை நல்லா ஏமாத்திட்டாங்க."

அவர் முகத்தில் ஈயாடவில்லை. என் கல்யாணம் கவிழ்ந்தது என்றே நினைத்தேன்.

"நல்லாருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போயிருக்கலாமே, சம்பந்தியம்மா?"

"சொல்லலாம். நாளைக்கு உங்க பொண்ணு இங்க நல்லாருக்கான்னு நான் சொன்னா, அதை எப்படி நம்புவீங்க?"

அவர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, லென்ஸுக்குக் கையை நீட்டினார்.